கைமாறும் கதைகள் – 11: தேம்ஸில் போடாத பிரதி

மைசூரு சரஸ்வதிபுரத்தில் எனக்குத் தெரிந்த மாமி ஒருவர் இருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியை. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம் என்று எழுபது வருஷத்தை ஓட்டியவர். அவர் வீட்டுக் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில், ஒரு மூங்கில் கூடை. அதில் எப்போதும் ஏழெட்டுப் புத்தகங்கள் கிடக்கும், பெரும்பாலும் நாவல்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். பணம் கிடையாது, நோட்டில் கையெழுத்து கிடையாது, திருப்பித் தர வேண்டும் என்றுகூடக் கிடையாது. ஒரே ஒரு நிபந்தனைதான்.

"படிச்சுட்டு அடுத்து யாருக்குக் குடுக்கப் போறேன்னு சொல்லிட்டு எடுத்துண்டு போ."

ஆளைச் சொல்ல வேண்டும். "யாருக்காவது குடுக்கறேன் மாமி" என்று இழுத்தால் புத்தகம் கூடைக்கே திரும்பிவிடும். முதல் தடவை எனக்கு அப்படித்தான் நடந்தது. ஒரு நாவலைக் கையில் எடுக்கும்போதே அதைப் படிக்கப்போகிற இன்னொரு முகத்தையும் நினைத்துக்கொள் என்கிறார். அப்படி நினைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள், படிப்பே வேறு மாதிரி ஆகிவிடும். "இந்த இடம் அவளுக்குப் பிடிக்கும்", "இந்த அத்தியாயத்தில் அவன் என்னோடு சண்டைக்கு வருவான்" என்று பக்கத்துக்குப் பக்கம் இன்னொரு ஆள் கூடவே உட்கார்ந்திருப்பார்.

அந்தக் கூடையில் எனக்குக் கிடைத்த புத்தகம் 'பருவம்'. எஸ்.எல். பைரப்பா கன்னடத்தில் 1979-ல் வெளியிட்ட 'பர்வ' நாவலைப் பாவண்ணன் தமிழில் தந்தது. செங்கல் கனம். அட்டை ஒரு பக்கம் பிய்ந்து, காலண்டர் தாளை மடித்து ஒட்டியிருந்தது. கடைசியில் இருந்த வெற்றுப் பக்கத்தில் நான்கு கையெழுத்துகள். முதலாவது நீல மசி, சாய்ந்த எழுத்து, ஒரு தேதி மட்டும். அடுத்தவர் பென்சிலில், "குந்தி பேசும் பகுதியை இரண்டு முறை படித்தேன்" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே கன்னட எழுத்தில் ஒரு வரி. மாமியிடம் கேட்டேன். கன்னடத்தில் ஏற்கெனவே படித்த ஒருவர், தமிழில் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க எடுத்துப் போயிருக்கிறார். 'நம்ம பைரப்பா தமிழும் பேசுகிறார்' என்று எழுதி வைத்திருக்கிறாராம். நான்காவது கையெழுத்து ஒரு குழந்தையுடையது. வெறும் பெயர், பக்கத்தில் ஒரு தேர்ப் படம்.

பைரப்பா மைசூருக்காரராகவே வாழ்ந்தவர். குவெம்புநகரில் அவர் வீடு. 2025 செப்டம்பரில் மறைந்தார். பாவண்ணன் விழுப்புரத்துப் பக்கம் வளவனூரில் பிறந்தவர். தொலைபேசித் துறை வேலைக்காகக் கர்நாடகம் வந்து, வந்த இடத்தில் கன்னடம் கற்றுக்கொண்டார். 'பருவம்' மொழிபெயர்ப்புக்கு 2005-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இதே மைசூரில் வாழும் தேவனூரு மகாதேவாவின் எழுத்தையும் தமிழுக்குக் கொண்டுவந்தவர் அவர். வேலைக்குப் போன ஊரில் பிறர் வீடு கட்டுவார்கள், நிலம் வாங்குவார்கள். இவர் அங்கே படித்த கதைகளை மூட்டை கட்டி ஊருக்கு அனுப்பினார். நடுவில் நிற்கும் இப்படிப்பட்ட ஒரு கைக்கு நாம் போதிய நன்றி சொல்வதே இல்லை. எழுதியவர் பெயர் அட்டையில் இருக்கும், படிக்கிறவர் நாம், கொண்டுவந்து சேர்த்தவர்?

இந்தத் தொடரில் மைசூருக்கு ஒரு வாரம் ஒதுக்க நினைத்ததே அப்படிப்பட்ட ஒரு கைக்காகத்தான். அவர் பெயர் கிட்டு பூர்ணா.

பூர்ணாவுக்கு முன் அவருடைய நண்பரைச் சொல்ல வேண்டும். ஆர்.கே. நாராயண் 1906-ல் சென்னை புரசைவாக்கத்தில் பிறந்தவர். அப்பா மைசூரில் மகாராஜா காலேஜியட் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். அந்தப் பதவியால் பையனுக்குக் கிடைத்த பெரிய சொத்து பள்ளி நூலகம். லண்டன் பத்திரிகைகள் கப்பல் தபாலில் வந்து இறங்கும். ஊரில் வேறு யாரும் பிரிப்பதற்குள் நாராயண் பிரித்துவிடுவார். கல்லூரி நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்திலேயே தோற்று ஒரு வருஷம் வீட்டில் இருந்தார். அந்த வருஷம் வீணாகவில்லை. கையில் ஒரு புத்தகத்தோடு குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடந்துகொண்டே படித்தார். மாமி வீட்டிலிருந்து அந்த ஏரி நடந்து போகிற தூரம்தான். இன்றும் காலையில் அங்கே நடப்பவர்கள் கூட்டம் உண்டு. கையில் புத்தகத்தோடு நடக்கிறவரை நான் பார்க்கவில்லை, ஆனால் கல் பெஞ்சில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த இரண்டு பேரைப் பார்த்தேன்.

1930-ல் பெங்களூரில், பாட்டி பார்த்துக் கொடுத்த விஜயதசமி நாளில், ஒரு நோட்டு வாங்கி நாவலைத் தொடங்கினார். முதலில் கண்ணில் பட்டது ஒரு சின்ன ரயில் நிலையம். அதற்கு மால்குடி என்று பெயர் வைத்தார். நாவல் முடிந்தது. தட்டச்சுப் பிரதி லண்டனுக்குப் போனது, திரும்பியது. இன்னொரு பதிப்பகம், அங்கிருந்தும் திரும்பியது. மைசூருக்குத் திரும்பி வந்து மறுபடி கப்பலேற வேண்டாம் என்று, திருப்பி அனுப்ப வேண்டிய முகவரியாக பூர்ணாவின் முகவரியையே நாராயண் கொடுத்திருந்தார். பூர்ணா மைசூரு நண்பர், அப்போது ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்தார். தோல்வி ஒவ்வொன்றும் முதலில் அவர் கைக்குத்தான் வந்து சேரும்.

ஒரு கட்டத்தில் நாராயணுக்கு மனம் விட்டுப்போயிற்று. பிரதியோடு ஒரு கல்லைக் கட்டி தேம்ஸ் நதியில் போட்டுவிடும்படி நண்பருக்கு எழுதிவிட்டார்.

இந்த இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். எழுதினவனே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். நண்பன் பேச்சைக் கேட்பது நட்பு. பூர்ணா செய்ய வேண்டியதெல்லாம் ஆற்றங்கரை வரை ஒரு நடை. அவர் நடந்தது வேறு திசையில். அதே ஆக்ஸ்போர்டில் அப்போது குடியிருந்த, முப்பது வயதை ஒட்டிய ஓர் இளம் நாவலாசிரியர் வீட்டுக் கதவைத் தட்டினார். அவர் கிரஹாம் கிரீன். பல பதிப்பக மேஜைகளைச் சுற்றி ஓய்ந்துபோயிருந்த பிரதி அது. கிரீன் உடனே எடுத்துப் படித்துவிடவில்லை. வாரக்கணக்கில் மேஜையில் கிடந்தது. பிறகு ஒரு மழை நாளில் எடுத்தார். பின்னாளில் அவரே இதையெல்லாம் எழுதியிருக்கிறார். கல் கட்டச் சொன்ன கதை அன்றைக்கு அவருக்குத் தெரியாது.

கிரீன் அதை ஹாமிஷ் ஹாமில்டன் பதிப்பகத்துக்குப் பரிந்துரைத்தார். 'ஸ்வாமி, தி டேட்' என்றிருந்த தலைப்பை 'ஸ்வாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்' ஆக்கச் சொன்னதும், ஆங்கிலேயர் நாக்குக்கு நீளமாக இருந்த பெயரை ஆர்.கே. நாராயண் என்று சுருக்கச் சொன்னதும் அவர்தான். 1935 அக்டோபரில் நாவல் வெளிவந்தது.

விற்றதா என்றால், இல்லை. அடுத்த நாவலை அந்தப் பதிப்பகம் எடுக்கவில்லை. 1937-ல் 'பேச்சலர் ஆஃப் ஆர்ட்ஸ்' நெல்சனிடம் போயிற்று, 1938-ல் 'டார்க் ரூம்' மாக்மில்லனிடம். மூன்று நாவல், மூன்று பதிப்பகம். ஒவ்வொரு தடவையும் கிரீன் கூடவே நின்றார். இத்தனைக்கும் இருவரும் நேரில் சந்தித்துக்கொண்டது 1956-ல்தான், லண்டனில். இருபது வருஷத்துக்கு மேல் முகம் பார்க்காத நட்பு. நடுவில் இருந்தது கதை மட்டும்.

கிரீன் பெயரை எல்லோரும் சொல்கிறார்கள், சொல்ல வேண்டியதுதான். ஆனால் கிரீனுக்கு அந்தப் பிரதி மழையோடு சேர்ந்து வந்து விழவில்லை. அவருக்கு முகம் தெரியாத ஒருவனின் கதையை அவரிடமே, "இதைப் படியுங்கள்" என்று நீட்டுகிற துணிச்சல் ஒருவருக்கு வேண்டியிருந்தது. புத்தகம் பரிந்துரைக்கிற எவருக்கும் அந்தக் கணத்தின் படபடப்பு தெரியும். பிடிக்காவிட்டால் மேஜையில் கிடக்கும், வாரக்கணக்கில் கிடக்கும், ஒரு வார்த்தையும் வராது. அப்போது போய் மறுபடி கேட்கவும் கூச்சமாக இருக்கும். பூர்ணா கூச்சத்தை ஓரமாக வைத்தார்.

இரண்டாம் உலக யுத்தம் வந்தபோது வேறொரு கதவு மூடியது. லண்டனோடு தொடர்பு அறுந்து, நாராயணின் புத்தகங்கள் இந்திய வாசகர்களுக்குக் கிடைப்பதே கஷ்டமாயிற்று. அவர் மைசூரிலேயே 'இந்தியன் தாட்' என்று 1941-ல் ஒரு காலாண்டிதழ் தொடங்கினார். மூன்று இதழோடு நின்றுபோனது, ஆனால் அதே பெயரில் பதிப்பகம் நிலைத்து, தன் புத்தகங்களைத் தானே அச்சிட்டு வாசகர் கையில் சேர்க்க வழி கிடைத்தது. அச்சிட்டுக் கொடுத்தவர் சிட்டி பவர் பிரஸ் செலுவ ஐயங்கார். அச்சகத்துக்கு வருகிறவர்களிடம் பேசியே நாளைக் கழிக்கக்கூடிய மனிதர், நாடகப் பிரியர். அவரை வைத்துத்தான் நாராயண் சம்பத் என்ற அச்சுக்காரரை உருவாக்கினார். நம் சினிமா ரசிகர்களுக்கு அந்தச் சம்பத்தை நன்றாகவே தெரியும். 1947-ல் ஜெமினி எடுத்த 'மிஸ் மாலினி'யில் கொத்தமங்கலம் சுப்பு நடித்த பாத்திரம். ஜெமினி கணேசன் முதன்முதலில் தலைகாட்டிய படமும் அதுவே. மைசூரில் ஓர் அச்சு மேஜையில் பிறந்த மனிதர் சென்னைத் தியேட்டர்களில் வந்து நின்றார்.

யாதவகிரியில் நாராயண் கட்டிய வீடு இப்போது அவர் நினைவில்லம். 2011-ல் இடிக்கத் தொடங்கியபோது வாசகர்கள் போட்ட சத்தத்தால் நின்றது, மாநகராட்சி சீரமைத்து 2016-ல் திறந்தது. மாடியில், வளைவாக வெளியே துருத்திய எழுத்து அறை. எட்டு ஜன்னல்கள். ஒரு பக்கம் சாமுண்டி மலை, இன்னொரு பக்கம் ஊரின் கோபுரங்கள், சரிவில் ஊர்ந்து போகும் ரயில். அத்தனை அழகும் எழுத விடாமல் இழுத்ததால், கனத்த திரைத் துணியைத் தொங்கவிட்டு எல்லா ஜன்னலையும் மூடிக்கொண்டுதான் எழுதினாராம். அந்த அறையில் நான் அரை மணி நேரம் நின்றேன். கீழே கல்லூரிப் பெண்கள் இருவர் வந்தார்கள். ஒருத்தி படித்திருக்கிறாள், ஒருத்தி படிக்கவில்லை. படித்தவள் படிக்காதவளுக்கு ஸ்வாமியின் கணக்குப் பாடம் பற்றிய கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள், கன்னடத்தில். கேட்டவள் சிரித்த சிரிப்பு மாடி வரை வந்தது.

இங்கிருந்து ஊரின் இன்னொரு முனைக்குப் போக வேண்டும், ராஜீவ் நகருக்கு. சையத் இசாக் பள்ளிக்கூடம் போகாதவர். சாக்கடை வேலை உட்படக் கிடைத்த கூலி வேலையெல்லாம் செய்தவர். தனக்குக் கிடைக்காத படிப்பு தன் தெருவுக்குக் கிடைக்கட்டும் என்று 2011-ல் ஒரு கொட்டகையில் இலவச நூலகம் திறந்தார். கன்னடப் புத்தகங்களே பெரும்பகுதி. தினமும் காலையில் பத்திரிகைகள் வாங்கிப் பரப்பி வைப்பார், தன் கூலியிலிருந்துதான். பத்து வருஷத்தில் ஏறத்தாழ 11,000 புத்தகங்கள் சேர்ந்தன. 2021 ஏப்ரல் 9 விடியற்காலையில் அத்தனையும் எரிந்து சாம்பலாயின.

செய்தி வெளியானதும் எங்கெங்கிருந்தோ பணம் வந்தது, புத்தகக் கட்டுகள் வந்தன. அவரைப் பார்த்தேயிராதவர்கள் அனுப்பினார்கள். பகவத் கீதை, குர்ஆன், பைபிள் மூன்றையும் ஒரே கூரையின்கீழ் வைத்திருந்தவர் என்பதைத்தான் பலரும் எழுதினார்கள். அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, தானே வாசிக்கப் பழகாத ஒருவர் வாசிப்பின் சுகத்தை அடுத்தவருக்கு விரும்பினார் என்பது. நாம் படித்துவிட்டுப் பரிந்துரைக்கிறோம். அவர் படிக்காமலே நம்பினார்.

'பருவம்' என்னிடம் நாலு மாதம் இருந்தது. அவ்வளவு நாள் வைத்திருந்ததற்கு மாமி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் போன் செய்யும்போதெல்லாம், "இப்போ எங்கே இருக்கே, பீஷ்மர்கிட்டயா, திரௌபதிகிட்டயா?" என்று கேட்பார். முடித்த இரவு கடைசிப் பக்கத்தில் தேருக்குக் கீழே என் வரியை எழுதினேன். மறுநாள் தம்பி மகளுக்குக் கொடுத்தேன். எடுக்கும்போது நான் மாமியிடம் சொன்ன ஆள் அவள்தான். நர்சிங் படிக்கிறாள், நாவல் படித்துப் பழக்கமில்லை. கனத்தைப் பார்த்து, "பெரியப்பா, இவ்வளவுமா?" என்றாள்.

"முதல் அம்பது பக்கம் படி, பிடிக்கலைன்னா குடுத்துடு."

மூன்று வாரமாகப் பதில் இல்லை. நேற்று ராத்திரி ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். ஹாஸ்டல் கட்டில், மடக்கின போர்வை, நடுவில் பேனாவை அடையாளமாக வைத்த 'பருவம்'. பாதியைத் தாண்டியிருந்தது. கீழே ஒரு கேள்வி: "இதை அடுத்து என் ரூம்மேட்டுக்குக் கொடுக்கலாமா, மாமி ஒத்துக்குவாங்களா?"

(தொடரும்)