பனிப்புயலால் பல்கலைக்கழகம் மூடப்பட்டால் ஊழியருக்கு ஊதியம் உண்டா?

அமெரிக்காவில் பனிப்புயல், சூறாவளி காரணமாகப் பல்கலைக்கழகங்கள் மூடப்படும்போது எல்லா ஊழியருக்கும் ஒரே மாதிரி ஊதியம் கிடைப்பதில்லை.

1938-ஆம் ஆண்டின் நியாயமான தொழிலாளர் தரநிலைச் சட்டத்தின் விதிகளின்படி, நிலையான சம்பளம் பெறும் நிர்வாக அலுவலர்கள் அந்த வாரத்தில் சிறிதேனும் பணி செய்திருந்தால், மூடப்பட்ட நாள்களுக்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்யக் கூடாது. அவர்களது விடுப்புக் கணக்கில் கழித்துக்கொள்ளத் தடையில்லை.

மணிக்கணக்கில் ஊதியம் பெறும் துப்புரவு, உணவகப் பணியாளர்களின் நிலை வேறு. செய்யாத வேலைக்கு ஊதியம் தருமாறு இச்சட்டம் வற்புறுத்துவதில்லை. பல்கலைக்கழகத்தின் சொந்த விதிகளையே அவர்கள் நம்ப வேண்டியுள்ளது. சில நிறுவனங்கள் ஊதியத்துடன் விடுப்பு அளிக்கின்றன. வேறு சில, சேமித்த விடுப்பை எடுக்கச் சொல்கின்றன. விடுப்பே சேராத பகுதிநேரப் பணியாளருக்கு அதனாலும் பயனில்லை.

பனி அகற்றுவோர், வளாகக் காவலர் போன்ற அத்தியாவசியப் பணியாளர்களோ புயலிலும் பணிக்கு வந்தாக வேண்டும். இவர்களுக்குக் கூடுதல் ஊதியமோ ஈடுசெய் விடுப்போ வழங்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு.