தீவகத்து வளவுகளில் செவ்வரத்தை வளர்ப்பு

நெல்லும் காய்கறியும் செய்யும் கமக்காரருக்குப் பூச்செடியைப் பற்றிய பிரசுரம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். தீவகத்தில் பயிருக்கும் பூவுக்கும் குடிப்பதற்கும் பெரும்பாலும் கிணற்று நீரே கதி. பூச்செடியை முறையறியாது வளர்ப்போர் அந்த நீரை வீணாக்குகின்றனர். செடியும் கோடையில் பட்டுப்போகின்றது. காலமறிந்து நட்டு, நிலத்தை மூடி, காற்றை மறைத்து வளர்ப்போருக்குச் சிறிதளவு நீரே போதும். அம்முறையை விளக்குவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

செடியைத் தெரிந்தெடுத்தல்

நுவரெலியா போன்ற மலைநாட்டிலிருந்து பியூசியா முதலிய அழகிய செடிகளைச் சட்டியோடு வாங்கி வருவோர் உண்டு. அவை குளிர்ந்த காற்றும் ஈரமும் வேண்டுவன. எமது வெப்பத்தையும் உப்புக்காற்றையும் தாங்கா. அவற்றுக்காகச் செலவிடும் பணமும் நீரும் வீண்.

எமது வளவுக்கு ஏற்ற பூஞ்செடி செவ்வரத்தையே. இதன் பூ அம்மன் பூசைக்கு உரியது. நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலய மகோற்சவம் ஆனி மாதத்தில், அதாவது கடுங்கோடையிலும் சோளகக் காற்றிலும் நடைபெறுகின்றது. பூ அதிகம் வேண்டப்படும் அக்காலத்திலேயே செடிகள் வாடி நிற்கின்றன. ஆகவே, கோடையில் செடியைக் காப்பாற்றுவதே இங்கு முக்கிய வேலை. எம்மவர் பலர் உத்தியோகம் தேடிச் சென்ற மலாயா நாடு 1960ஆம் ஆண்டில் இப்பூவையே தன் தேசிய மலராக ஏற்றது. ஆயினும் அந்நாட்டில் ஆண்டு முழுவதும் மழை உண்டு. இங்கு அவ்வாறில்லை என்பதை மறத்தலாகாது.

ஒற்றை இதழ்ச் சிவப்பு இனமே மிக வலியது. பெரிய பூக்களையுடைய பலநிற ஒட்டினங்கள் இங்கு எளிதில் நலிந்துபோம். கிணற்று நீர் மிகச் சவராயுள்ள இடங்களில் செவ்வரத்தையும் செழிக்காது. அங்கு பட்டிப்பூ, கடதாசிப்பூ ஆகியவற்றை வளர்க்கலாம். அலரியும் சவரைத் தாங்கும். ஆனால் அதன் எல்லாப் பாகங்களும் நஞ்சாதலால், சிறுவர் விளையாடும் இடத்திலும் ஆடு மாடு மேயும் இடத்திலும் அதனை நடலாகாது.

கிணற்றின் இயல்பு

தீவுகளின் அடியில் உள்ளது சுண்ணாம்புக்கல். மாரி மழை அதனூடு கீழிறங்கி, கடல்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. கடல்நீர் கனமானது, மழைநீர் இலேசானது என்பதே இதற்குக் காரணம். ஒல்லாந்தராகிய கைபனும் ஜெர்மானியராகிய ஹெர்ஸ்பெர்க்கும் கடலோரங்களை ஆராய்ந்து கண்ட கணக்கின்படி, கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அம்மட்டத்துக்குக் கீழ் ஏறக்குறைய 40 அடி நன்னீர் நிற்கும். நீர்மட்டம் நிலையாக 1 அடி தாழ்ந்தால், காலப்போக்கில் கீழிருக்கும் உப்புநீர் 40 அடி வரை மேலெழ இடமுண்டு. இயந்திரத்தால் ஒரேயடியாக இறைத்த கிணறு சவராவதன் காரணம் இதுவே. ஒருமுறை சவரான கிணறு ஒரு மாரியில் திருந்திவிடும் என்று நம்பியிருத்தல் கூடாது.

எனவே, பூச்செடிக்கென இயந்திரம் பூட்டி நீர் இறைத்தல் வேண்டாம். அரிசி, காய்கறி கழுவிய நீரையும் முகம் கழுவிய நீரையும் சேர்த்து ஊற்றினால் நான்கைந்து செடிகள் பிழைக்கும். சவர்க்காரம் மிகுந்த நீர் மண்ணைக் கெடுக்குமாதலால் அதனை விலக்குக.

கன்று உண்டாக்கல்

புரட்டாதி மாதத்தில், பென்சில் பருமனுள்ள முற்றிய கிளைகளை 6 முதல் 8 அங்குல நீளத் துண்டுகளாக வெட்டுக. மேல் நுனியில் இரண்டொரு இலைகளை மட்டும் விட்டு மற்றவற்றை அகற்றுக. மணலும் மக்கிய எருவும் கலந்த சட்டிகளிலோ பைகளிலோ துண்டின் பாதி மண்ணுள் இருக்குமாறு ஊன்றி, கிடுகுப் பந்தலின் நிழலில் வைத்து ஈரங் காயாமற் காத்து வருக. ஆறு முதல் எட்டு வாரங்களில் வேர் பிடிக்கும். இதற்கு நல்ல நீரையே உபயோகித்தல் வேண்டும்.

நடுகை

நெல் விதைப்பு முடிந்து, மழை நன்றாகப் பிடித்தபின், கார்த்திகையில் நடுக. மாரி மழை முழுவதையும் பெறும் கன்றின் வேர் தையிற்கு முன் ஆழமாக இறங்கிவிடும். தையிலோ மாசியிலோ நட்ட கன்றுக்கு வேர் இறங்குமுன் கோடை வந்துவிடும். அதற்கு நாள்தோறும் நீர் ஊற்ற நேரிடும்.

குழி 2 அடி அகலமும் 2 அடி ஆழமும் இருத்தல் நன்று. கல் தட்டினால் அலவாங்கினால் உடைத்து வேருக்கு வழிசெய்க. உடைக்க முடியாவிடின், சுற்றிலும் கல் அடுக்கி மண்ணை உயர்த்தி நடுக. பனையோலையைத் தோட்டத்தில் தாட்டும் வழக்கம் எம்மிடையே உண்டு. அவ்வாறே குழியின் அடியில் பனையோலைத் துண்டுகளையும் பசுந்தழையையும் தாட்டு, மேலே மக்கிய மாட்டெருவும் மேல்மண்ணும் சமமாகக் கலந்து நிரப்புக. செடிக்குச் செடி 4 அடி இடைவெளி விடுக. மழைநீர் தேங்கும் பள்ளத்தில் நடலாகாது.

சோளகம் தென்மேற்கிலிருந்து உப்பைச் சுமந்து வருவது. ஆகவே, வீடு, மதில், வேலி ஆகியவற்றின் வடகிழக்குப் புறமே செடிக்குப் பாதுகாப்பானது. நெடுந்தீவில் கற்களை அடுக்கி அமைத்த வேலிகள் இதற்கு மிக உதவும். மற்றைய தீவுகளில் பூவரசு, கிளுவைக் கதியால்களை நட்டுக் கிடுகு கட்டி மறைக்கலாம்.

கோடைப் பராமரிப்பு

மாரி ஓய்ந்து மண்ணில் ஈரம் இருக்கும்போதே, தை மாதத்தில், செடியைச் சுற்றி 2 அடி தூரம் நிலத்தைச் சருகு, பனையோலை, மாட்டுக்கு உதவாத வைக்கோல் ஆகியவற்றால் 4 அங்குலக் கனத்துக்கு மூடுக. தண்டைத் தொடாமல் சிறிது விலக்கி இடுதல் வேண்டும். மண் காய்ந்தபின் மூடுவதால் பயன் குறைவு.

செடியருகே ஒரு மண்முட்டியைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி மூடிவைத்தால், நீர் முட்டியின் சுவரூடு மெல்லக் கசிந்து வேரைச் சேரும், வெயிலில் ஆவியாவதில்லை. முதலாம் ஆண்டுக் கன்றுக்கு வாரம் இருமுறை முட்டியை நிரப்புக. இரண்டு மாரி கண்ட செடிக்கு வாரம் ஒருமுறை போதும். மேலே நீர் ஊற்றுவதாயின் மாலையில் வேரடியில் ஊற்றுக. சவர் நீரை இலைமேல் தெளிக்கலாகாது.

கடுங்கோடையில் இலை உதிர்ந்த செடியைப் பட்டதென்று பிடுங்கிவிடாதீர்கள். கிளையின் தோலை நகத்தாற் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரியுமாயின் செடிக்கு உயிருண்டு, மழையோடு தளிர்க்கும்.

கவ்வாத்து

செவ்வரத்தை புதுத் தளிரிலேயே பூக்கும். ஆகையால், ஆண்டுதோறும் புரட்டாதியில் ஒவ்வொரு கிளையிலும் மூன்றிலொரு பங்கைக் கூரிய கத்தியால் வெட்டுக. வெட்டிய கிளைகளே புதுக் கன்றுக்கு உதவும். கோடையின் நடுவில் கவ்வாத்து செய்தால் இளந்தளிர் உப்புக்காற்றிற் கருகும். அக்காலத்தில் காய்ந்த கிளைகளை மட்டும் அகற்றுக.

மஞ்சளிப்பும் கருகலும்

இவ்விரண்டையும் பிரித்தறிதல் அவசியம். இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாய் நின்றால், அது சுண்ணாம்பு மண்ணில் இரும்புச் சத்து செடிக்குக் கிட்டாமையைக் காட்டும். மக்கிய எருவும் தழையும் மிகுதியாக இடுக. சாம்பல் சுண்ணாம்பைப் போன்ற இயல்புடையதாதலால் இச்செடிக்கு இடாது விடுக. முதிர்ந்த இலையின் ஓரமும் நுனியும் கருகினால் அது சவரின் குறி. நீரைச் சிறிது சிறிதாகப் பலமுறை ஊற்றுவது உப்பை வேரடியிலே சேர்க்கும். சேர்த்து வைத்த மழைநீரை ஒருமுறை நிறைய ஊற்றி அதனைக் கழுவுதல் நன்று.

பூச்சிகள்

செவ்வரத்தையும் வெண்டியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வெண் ஈ, அழுக்கணவன், பருத்திச் சிவப்பு மூட்டுப்பூச்சி ஆகியன இரண்டிலும் வாழும். வெண்டியின் மஞ்சள் நரம்பு நோயைப் பரப்புவது வெண் ஈயே. ஆதலால் வெண்டி, கத்தரிப் பாத்திகளின் ஓரத்தில் செவ்வரத்தையை நடாமல், வீட்டின் மறுபுறத்தே நடுக.

பஞ்சு படர்ந்ததுபோற் காணப்படும் வெண்மூட்டுப்பூச்சி செவ்வரத்தையைப் பெரிதும் தாக்கும். பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி 2008ஆம் ஆண்டில் இலங்கையிற் கண்டறியப்பட்டது. அதனை அழிக்கும் சிறு ஒட்டுண்ணிக் குளவி 2009இல் வெளிநாட்டிலிருந்து கொணர்ந்து விடப்பட்டது. கண்டபடி நஞ்சு தெளித்தால் முதலில் மடிவது எமக்கு உதவும் அக்குளவியே. ஆகவே, தாக்கிய நுனிகளை வெட்டி எரித்து, எஞ்சியவற்றின்மேல் சவர்க்கார நீரை இலேசாகத் தெளித்துப் பின் நல்ல நீரால் கழுவுக. செடியில் எறும்பு ஏறினால் அதனையும் தடுத்தல் வேண்டும். எறும்பே இப்பூச்சியைக் காக்கின்றது.

ஆண்டு வேலைகள்

புரட்டாதி: கவ்வாத்து, துண்டுகளை ஊன்றல்.
ஐப்பசி: குழி வெட்டல், ஓலையும் தழையும் தாட்டல்.
கார்த்திகை: நடுகை.
மார்கழி: தேங்கும் நீரை வடித்தல், களை பிடுங்கல்.
தை: நிலத்தை மூடல், முட்டி புதைத்தல்.
மாசி முதல் ஆவணி வரை: முட்டிக்கு நீர் வார்த்தல், காற்று மறைப்பைப் பழுதுபார்த்தல், பூச்சிகளைக் கவனித்தல்.

ஒரு வளவுக்கு நான்கு செடிகள் போதும். அவற்றை இம்முறைப்படி வளர்த்தால், ஆனியிலும் பூ கிடைக்கும். மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் உரிய நீரும் கிணற்றில் நிற்கும். மேலும் அறிய விரும்புவோர் தமது பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்தித்துக் கேட்டறிவார்களாக.