மணலுக்கு எந்த மாநிலம்?

புதுவை கடற்கரைச் சாலையில் மாலை வேளைகளில் நடக்கிறபோது 'மீட்கப்பட்ட' மணலைப் பார்க்கிறேன். தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் இறக்கிய இரும்புத் திட்டு அலைகளின் வேகத்தைத் தணிக்க, பல ஆண்டுகளாகக் கருங்கல் மட்டுமே கிடந்த கரையில் மறுபடி மணல் சேர்ந்தது. சந்தோஷம்தான். ஆனால் 'மீட்பு' என்கிற சொல்லைக் கேள்விக்குட்படுத்த வேண்டியிருக்கிறது: எதை, யாருக்காக, எந்த எல்லைக்குள் மீட்கிறோம்?

கரை என்பது நிலையான கோடு அல்ல. நகர்ந்துகொண்டே இருக்கும் மணல். ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து சாய்ந்து வரும் அலைகள் அதை வடக்கே தள்ளுகின்றன. வாடைக் காலத்தில் கொஞ்சம் திரும்பி வருகிறது. கூட்டிக் கழித்தால் ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே போக வேண்டும். 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் எழுந்த அலைதடுப்புச் சுவர்கள் இந்த நடையை மறித்தன. சரி, மணல் எங்கே போச்சு? எங்கேயும் போகலை. சுவருக்குத் தெற்கே, வீராம்பட்டினம் பக்கம் நிக்குது, அவ்வளவுதான்.

நகரம் கல்லைக் கொட்டிச் சாலையைக் காப்பாற்றிக்கொண்டது. அரிப்பு வடக்கே நகர்ந்தது: முதலில் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம்; பிறகு எல்லை தாண்டித் தமிழ்நாட்டின் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம். அங்கேயும் கல். கட்டுமரம் ஏற்றவும் வலை உலர்த்தவும் இடமில்லாமல் போனவர்கள் குப்பத்து மக்கள். முகத்துவாரத்தின் கதையும் இதுவே. அங்கே மணல் தூர்ந்தால் ஓதம் ஏறி இறங்குவது குறையும். தேங்காய்த்திட்டின் அலையாத்திகளும் அவற்றின் வேரடியில் வளரும் மீன்குஞ்சுகளும் அந்த ஏற்ற இறக்கத்தை நம்பித்தான் இருக்கின்றன. ஒரே மணல், இங்கே மிகை, அங்கே இன்மை.

ஆக, சதுப்பு தனி, கடற்கரை தனி என்று திட்டம் தீட்ட முடியாது. தெற்கே தேங்குகிற மணலைக் குழாய்வழி வடக்கே இறைத்துவிடுவதே அடிப்படையான வேலை. துறைமுகத்தின் மூலத் திட்டத்திலேயே இதற்கு இடமிருந்தது. தொடர்ந்து நடக்கத்தான் இல்லை. காரணம் எளிது. சுவருக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. மணல் இறைப்பதற்கு அதெல்லாம் கிடையாது. ஏரிக்குக் குடிமராமத்துப் போல வருஷா வருஷம் செய்ய வேண்டிய வேலை அது. 'நீண்டகாலத் திட்டம்' என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: முடிவடையாத வேலைக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்குவது.

ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரத்திலும் இதே சிக்கல். அதுவும் இரண்டு மாநிலங்களின் எல்லை. நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் 1995இல் ஒப்பந்தம் செய்துகொண்டு 2001 முதல் மணலை இறைத்து வருகின்றன.

நமக்கு வாய்த்த எல்லையோ பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் பங்கு போட்டதில் மிஞ்சிய கோடு. 1954க்குள் அவர்கள் போய்விட்டார்கள், கோடு மட்டும் இருக்கிறது. மணல் அதை மதிப்பதில்லை. நம் திட்டங்கள்தான் மதிக்கின்றன. வீராம்பட்டினத்து மணலில் தந்திராயன்குப்பத்துக்குப் பங்கு உண்டா இல்லையா? எந்தத் திட்டமும் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான்.