லயத்தை இடிக்கு முன் ஒரு யோசனை

நான் பிறந்தது எழுவைதீவில். எங்கள் பக்கத்து நெடுந்தீவுக்குப் படகேறிப் போகிற ஆட்கள் அங்கே முருகைக்கல்லில் கட்டிய பழைய குதிரை லாயத்தைத் தவறாமல் பார்த்து வருவார்கள். கூரை இல்லை, தூண்கள்தான் நிற்கின்றன. மலைநாட்டுக்கு வந்த பிறகுதான் லயம் என்ற சொல்லைக் கேட்டேன். லாயத்துக்கும் லயத்துக்கும் ஒரு கால்தான் வித்தியாசம். குதிரை கட்டின இடத்தைப் பாதுகாக்கிறோம், மனிதர் இருந்த இடத்தை ஒரு படம்கூட எடுக்காமல் தட்டிப் போடுகிறோமே என்று மனதில் பட்டது.

புது வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஏழெட்டுப் பேர் படுத்தெழும்பினது போதும். ஆட்கள் வெளியேறி வெறுமையாகிற லயத்தில் ஒன்றையாவது கலைக்கூடமாக வைத்துக்கொள்ளலாமே என்பதுதான் என் பேச்சு.

இது நடக்காத காரியமல்ல. கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலை பெக்டரி வேலை நின்று சும்மா கிடந்தது. தேயிலைச் சபையும் தோட்டத் துரைமார் சங்கமும் அதைத் திருத்தி 2001இல் தேயிலை அருங்காட்சியகமாகத் திறந்தன. கந்தப்பளையில் இன்னொரு பெக்டரி 1996இல் ஹோட்டலாகி விட்டது. பெக்டரியென்றால் இயந்திரமும் துரையும்தான் முன்னுக்கு வரும். கம்பளைப் பக்கம் ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் கண்டி சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் செய்தது வேறு. அது ஒரு பழைய லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக்கியது. கொழுந்துக்கூடை, வேலைச் சாமான், வீட்டுப் பாத்திரம், பழைய படங்கள் எல்லாம் அங்கே உண்டு. நேரம் கிடைத்தால் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்.

சட்டம் தானாக வந்து காப்பாற்றும் என்று இருக்க வேண்டாம். தொல்பொருள் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முந்திய கட்டிடங்கள்தான் தானாகவே பழஞ்சின்னம். லயங்கள் எல்லாம் அதற்குப் பிந்தியவை. நூறு வருஷம் கடந்திருந்தால் வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாக்க வழியுண்டு, ஆனால் யாராவது கேட்க வேண்டும். பெரும்பாலான தோட்டங்களில் காணி அரசாங்கத்துடையது, 1992க்குப் பிறகு கம்பனிகள் நடத்துகின்றன. ஆகவே சம்மதத்தை இரண்டு பக்கமும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு துரை மாறினால் போய்விடும்.

வேலையைக் கூரையில் தொடங்க வேண்டும், வெள்ளையடிப்பில் அல்ல. பின்பக்கத்து மண்ணை வெட்டி கான் எடுத்தால் சுவர் காயும். சுண்ணாம்பிலும் மண்ணிலும் கட்டிய பழைய சுவருக்கு சீமெந்து பூசாதீர்கள், ஈரம் உள்ளேயே நின்று சுவரைத் தின்றுவிடும். படம் மாட்ட இடம் வேண்டுமென்றால் இரண்டு காம்பராவுக்கு நடுச்சுவரைத் திறக்கலாம். ஒரு காம்பராவையும் அதன் இஸ்தோப்பையும் மட்டும் தொடாமல் விடுங்கள். எவ்வளவு இடத்தில் எத்தனை பேர் என்பது உள்ளே நின்று பார்த்தால்தான் விளங்கும். துணி, காகிதம், வரைந்த படம் எதிலும் நேர் வெயில் படக்கூடாது.

வைப்பதற்கு என்ன இருக்கிறது என்று ஒரு தலைவர் என்னிடம் கேட்டார். காமன் கூத்து உடுப்பும் முடியும், அருச்சுனன் தபசுக்குப் போட்ட வேஷச் சாமானும், தப்பும், கவ்வாத்துக் கத்தியும் போதாதா? இளம் பிள்ளைகள் வரைகிற படங்களுக்கும் அதே சுவர்தான். இந்தச் சாமான்களைப் பழைய இரும்புக்காரன் கிலோக் கணக்கில் வாங்கிப் போகிறான். லயம் கிடைக்கும் வரை காத்திராமல், வீட்டில் இருப்பதை இப்போதே ஒரு கொப்பியில் எழுதி, யாருடையது, எதற்குப் பாவித்தது என்று பக்கத்தில் குறித்து வையுங்கள்.