பழைய எண்களும் புதிய கெர்னலும்

போஸ்ட்கிரெஸ் தரவுத்தள சர்வரைத் தொடங்கும்போது சில கணினிகளில் “சாதனத்தில் இடமில்லை” என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தி வந்து நிற்கும். பார்த்தவர் உடனே டிஸ்க்கைச் சோதிப்பார். அங்கே பாதிக்கு மேல் காலியாக இருக்கும். இந்தக் குழப்பம் வரும் என்று போஸ்ட்கிரெஸை எழுதியவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அதனால்தான் டிஸ்க் நிரம்பிவிட்டதாக இதற்குப் பொருள் இல்லை என்று ஒரு குறிப்பையும் அந்தச் செய்திக்குக் கீழேயே வரச் செய்திருக்கிறார்கள். அங்கே உண்மையில் தீர்ந்துபோனது செமஃபோர். இயங்குதளம் இத்தனைதான் தருவேன் என்று போட்டுவைத்த வரம்பைத் தரவுத்தளம் தொட்டுவிட்டது.

இந்த வரம்புகளைப் புரிந்துகொள்ள, போஸ்ட்கிரெஸ் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். 1986-இல் பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய திட்டம் அது. இணைப்புக்கு ஒரு தனிப் புராசஸ் என்பது அதன் அமைப்பு. நூறு பேர் இணைந்தால் நூறு புராசஸ்கள் ஓடும். ஒன்றின் நினைவகத்தை மற்றொன்று தொட முடியாதபடி இயங்குதளம் அவற்றைப் பிரித்து வைக்கிறது. ஆனால் டிஸ்க்கிலிருந்து எடுத்த 8 கேபி பக்கங்களை ஒவ்வொரு புராசஸும் தனித்தனியாக வைத்துக்கொண்டால் ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது, நினைவகமும் வீணாகும். ஆகவே எல்லாரும் பார்க்கவும் எழுதவும் ஒரு பொது இடம் வேண்டும். அதுதான் பகிர்வு நினைவகம்.

பொது இடம் என்றால் மோதல் வரும். ஒரே பக்கத்தில் இரண்டு புராசஸ்கள் ஒரே கணத்தில் எழுத வந்தால் ஒன்று காத்திருக்க வேண்டும். அதற்கான கருவியை 1960-களின் முற்பகுதியில் நெதர்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா கொடுத்தார். செமஃபோர் என்பது இயங்குதளத்தின் மையமான கெர்னல் காத்து வைத்திருக்கும் ஓர் எண். அந்த எண்ணைக் குறைக்க வரும் புராசஸ், அது பூஜ்யமாக இருப்பதைக் கண்டால் அங்கேயே தூங்கிவிடும். இன்னொரு புராசஸ் அந்த எண்ணைக் கூட்டும்போது விழித்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு புராசஸுக்கும் தூங்கி விழிக்கச் சொந்தமாக ஒரு செமஃபோர் உண்டு. ஆகவே இணைப்புகளின் உச்ச எண்ணிக்கையைக் கூட்டினால் செமஃபோர்களின் தேவையும் கூடும்.

இந்த இரண்டு வசதிகளையும் யூனிக்ஸ் உலகில் பரவலாக்கியது ஏடி அண்டு டி 1983-இல் வெளியிட்ட சிஸ்டம் ஃபைவ். அதில் ஒரு சிக்கல் உண்டு. இவற்றை உருவாக்கிய புராசஸ் செத்தாலும் நினைவகத் துண்டும் செமஃபோரும் சாகாது. யாராவது கட்டளை கொடுத்து நீக்கும்வரை, அல்லது கணினியை மறுபடி தொடங்கும்வரை, அவை அப்படியே கிடக்கும். கேட்பாரற்றுக் குவியக்கூடிய பொருளுக்கு வரம்பு போடுவது நியாயம்தான். அன்றைய கணினிகளின் நினைவகமும் மிகச் சிறியது. அந்த நியாயம் பழையதான பிறகும் அதே எண்கள் பல ஆண்டுகள் கெர்னலில் தங்கிவிட்டன என்பதுதான் வருத்தம்.

லினக்ஸில் ஒரு துண்டின் உச்ச அளவைச் சொல்லும் ஷெம்மேக்ஸ் நெடுங்காலம் 32 எம்பி. மேக்ஓஎஸ்ஸில் அது 4 எம்பி. ஜிபி கணக்கில் நினைவகம் உள்ள சர்வரில் தரவுத்தளத்துக்கு 32 எம்பி என்பது எந்தக் கணக்கிலும் சேராது. இதனோடு ஷெம்ஆல் என்று இன்னொன்று இருக்கிறது. அது எல்லாத் துண்டுகளும் சேர்ந்து எடுக்கக்கூடிய மொத்த அளவு. ஷெம்மேக்ஸைப் பைட்டில் கொடுக்க வேண்டும். லினக்ஸில் ஷெம்ஆலைப் பக்கத்தில் கொடுக்க வேண்டும், வழக்கமாக ஒரு பக்கம் 4096 பைட். பழைய லினக்ஸில் ஷெம்ஆல் 20,97,152 பக்கம், அதாவது 8 ஜிபி. ஷெம்மேக்ஸை மட்டும் 16 ஜிபிக்கு உயர்த்திவிட்டு ஏன் இன்னும் ஓடவில்லை என்று தவித்தவர்களுக்கு விடை இதில்தான் இருந்தது.

செமஃபோர் கணக்கு இன்னும் நுணுக்கமானது. அவற்றைக் கெர்னலிடம் கட்டுக்கட்டாகத்தான் கேட்க முடியும். போஸ்ட்கிரெஸ் நீண்ட காலமாகக் கட்டுக்கு 16 என்று கேட்டுவந்தது. கூடவே 17-ஆவதாக ஒன்றை எடுத்து அதில் 537 என்ற எண்ணை எழுதி வைக்கும். கட்டு தன்னுடையதா வேறொரு மென்பொருளுடையதா என்று அறிய அது அடையாளம். ஓபன்பிஎஸ்டியில் மொத்தமே 60 செமஃபோர்கள் என்பது இயல்பு நிலை. 60-ஐ 17-ஆல் வகுத்தால் முழுதாக மூன்று கட்டுகள் தேறும், அதாவது 48 புராசஸ்கள். போஸ்ட்கிரெஸின் வழக்கமான உச்ச இணைப்பு 100. இடம் போதாவிட்டால் தரவுத்தளத்தை முதன்முதலில் அமைக்கும் நிரல் அதைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். பிறகு யாரோ அமைப்புக் கோப்பில் எண்ணைக் கூட்டுவார். அப்போதுதான் அந்த “இடமில்லை” செய்தி வரும்.

பெரிய மாற்றம் 2012-இல் வந்தது. போஸ்ட்கிரெஸ் நிரலாளர் ராபர்ட் ஹாஸ், பொது நினைவகத்தைச் சிஸ்டம் ஃபைவ் வழியில் கேட்காமல், எம்மேப் என்னும் வேறு அழைப்பின் வழியாகப் பெயரற்ற துண்டாகக் கேட்கும்படி மாற்றினார். 2013-இல் வந்த 9.3 பதிப்பு முதல் அதுவே நடைமுறை. எம்மேப்புக்கு ஷெம்மேக்ஸ் வரம்பு கிடையாது. கடைசிப் புராசஸ் போனதும் நினைவகமும் தானே போய்விடும்.

அப்படியும் பழைய வழியை முழுதாகக் கைவிடவில்லை. 64 பிட் கணினியில் இன்றும் சுமார் 48 பைட்டை மட்டும் சிஸ்டம் ஃபைவ் முறையில் போஸ்ட்கிரெஸ் கேட்டு வாங்குகிறது. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இந்த 48 பைட்தான். தலைமைப் புராசஸை யாரோ வலுக்கட்டாயமாகக் கொன்றுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிள்ளைப் புராசஸ்கள் சில இன்னும் தரவுக் கோப்புகளில் எழுதிக்கொண்டிருக்கின்றன. இரண்டாவது சர்வர் தொடங்காமல் தடுக்கும் பூட்டுக் கோப்பையும் அழித்துவிட்டு அவர் சர்வரை மறுபடி தொடங்குகிறார். இரண்டு தரப்பும் ஒரே கோப்பில் எழுதினால் தரவு சிதைந்துவிடும். சிஸ்டம் ஃபைவ் துண்டில், இப்போது எத்தனை புராசஸ்கள் இதோடு ஒட்டியிருக்கின்றன என்று கெர்னல் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. புதிய தலைமைப் புராசஸ் அந்தக் கணக்கைப் பார்க்கும். பூஜ்யமாக இல்லாவிட்டால் தொடங்க மறுத்துவிடும். எம்மேப்பில் இப்படி ஒரு கணக்கு இல்லை. பழைய முறையின் குறைகளை விட்டுவிட்டு, அதன் ஒரே நல்ல குணத்தை மட்டும் வைத்துக்கொண்டது தேர்ந்த பொறியியல்.

2017-இல் வந்த பதிப்பு 10 முதல் லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் செமஃபோர்களும் போசிக்ஸ் என்னும் தரநிலையின் முறைக்கு மாறின. அவற்றுக்குக் கட்டு வரம்பு எதுவும் இல்லை. இதற்கிடையே 2014-இல் லினக்ஸ் 3.16, ஷெம்மேக்ஸையும் ஷெம்ஆலையும் நடைமுறையில் வரம்பற்றவை ஆக்கியது. 2015-இல் 3.19, செமஃபோர் வரம்புகளைப் பல மடங்கு உயர்த்தியது. முன்பு 250, 32000, 32, 128 என்று இருந்த நான்கு எண்களும் 32000, 1024000000, 500, 32000 என்று ஆயின.

இப்போது ஒரு விசித்திரமான ஆபத்து எழுந்திருக்கிறது. பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய நிறுவல் கையேட்டிலிருந்து ஷெம்மேக்ஸ் வரியையும் 250, 32000, 100, 128 என்ற செமஃபோர் வரியையும் எடுத்துப் புதிய லினக்ஸில் ஒட்டினால் வரம்பு கூடுவதற்குப் பதில் குறைந்துவிடும். அந்த நான்கு எண்களும் ஆரக்கிள் தரவுத்தளத்தின் நிறுவல் கையேடுகளில் வருபவை. ஆனால் உங்கள் கணினியில் ஏற்கெனவே அதைவிடப் பெரிய எண் இருந்தால் மாற்றாதீர்கள் என்று அதே கையேடுகள் சொல்கின்றன. அட்டவணையைப் படியெடுப்பவர்கள் அந்த ஒரு வாக்கியத்தைப் படிப்பதில்லை.

இன்றைய சர்வரில் கவனம் வேறு மூன்று இடங்களுக்குப் போக வேண்டும். முதலாவது பெரும்பக்கம். பகிர்வு நினைவகம் 8 ஜிபி, பக்கம் 4 கேபி என்றால், அதைக் குறித்து வைக்க 20,97,152 பதிவுகள் வேண்டும். பதிவுக்கு 8 பைட் வீதம் ஒவ்வொரு புராசஸுக்கும் 16 எம்பி ஆகும். 500 இணைப்புகளும் முழுப் பரப்பையும் தொட்டால், அந்தப் பதிவுகளுக்கே ஏறத்தாழ 8 ஜிபி போய்விடும். 2 எம்பி அளவுள்ள பெரும்பக்கங்களை வைத்தால் புராசஸுக்கு 32 கேபி போதும். எத்தனை பெரும்பக்கம் தேவை என்று பதிப்பு 15 முதல் போஸ்ட்கிரெஸே கணக்கிட்டுச் சொல்லும். இரண்டாவது, லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் ரிமூவ்ஐபிசி என்ற அமைப்பு. போஸ்ட்கிரெஸ் ஓடும் கணக்கைச் சாதாரணப் பயனர் கணக்காக உருவாக்கியிருந்தால், அதில் நுழைந்தவர் வெளியேறும்போது ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் பகிர்வு நினைவகப் பொருள்களையும் சிஸ்டம்டி துடைத்துவிடக்கூடும். கணக்கைச் சிஸ்டம் பயனராக உருவாக்குவது அல்லது அந்த அமைப்பை நிறுத்துவது அவசியம். மூன்றாவது, மென்பொருளைக் கன்டெய்னர் என்னும் தனிச் சூழலுக்குள் ஓட்டும் டாக்கர். அது ஒரு கன்டெய்னருக்கு இயல்பாகத் தரும் பகிர்வு நினைவகம் 64 எம்பி. பெரிய வினவல் ஒன்றைப் பல புராசஸ்கள் பிரித்துச் செய்யும்போது அது போதாமல் மறுபடியும் “சாதனத்தில் இடமில்லை” வரும். அப்போதும் டிஸ்க்கில் இடம் இருக்கும்.

ஆகவே உங்கள் பொறுப்பில் ஒரு தரவுத்தள சர்வர் இருந்தால், அமைப்புக் கோப்பில் எதையும் சேர்ப்பதற்கு முன் கெர்னல் பதிப்பையும் தரவுத்தளப் பதிப்பையும் பாருங்கள். ஐபிசிஎஸ் கட்டளையை “எல்” என்ற சுருக்கக் குறியோடு கொடுத்தால் இப்போதைய வரம்புகள் எல்லாம் ஒரே திரையில் வரும். அவற்றைத் தேவையோடு ஒப்பிடுங்கள். முன்பு யாரோ சேர்த்த வரி ஒன்று வரம்பைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தால், காரணத்தைக் கேட்டறிந்து அதை நீக்குங்கள்.