குஞ்சின் விலையும் மீனின் விலையும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் தொழிற்சாலைகளுக்கு இடையே பல ஏரிகளைப் பார்த்திருப்பீர்கள். பாசனத்துக்காக முன்னோர் கரை கட்டி உருவாக்கியவை அவை. அத்தகைய ஏரியில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமைக்கு 'மீன்பாசிக் குத்தகை' என்று பெயர். குத்தகை எடுத்தவர் பண்ணையில் மீன்குஞ்சு வாங்கி ஏரியில் விட வேண்டும். சிறு குஞ்சு மலிவு. பெரிய குஞ்சுக்கு விலை அதிகம். எதை வாங்கினால் இலாபம்? விடை சுலபம் என்று தோன்றுகிறதா? சற்றுப் பொறுங்கள்.

ஏன் விட வேண்டும்?

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை மீன்கள் ஏரியில் நன்றாக வளரும். ஆனால் தேங்கிய நீரில் அவை பொதுவாக முட்டையிடுவதில்லை. ஆற்றில் புதுவெள்ளம் வரும்போதுதான் முட்டையிடும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவிலுள்ள அங்குல் என்னும் ஊரில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி இதற்கு வழி கண்டார். மீனின் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் கெண்டைகளுக்குச் செலுத்தி முட்டையிட வைத்தார். இன்றைய குஞ்சுப் பண்ணைகளுக்கு அடித்தளம் இதுவே.

மற்றொரு காரணமும் உண்டு. ஏரி வற்றினால் மீனும் போய்விடும். அருகிலுள்ள மாபெரும் செம்பரம்பாக்கம் ஏரியே 2019 கோடையில் வறண்டது. சிற்றேரிகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

குஞ்சுகள் எங்கே போகின்றன?

விட்ட குஞ்சுகள் எல்லாம் பிழைப்பதில்லை. விரால், வாளை போன்ற மீன்கள் தம் வாய்க்குள் நுழையக்கூடியதை விழுங்கிவிடும். 2 செ.மீ. குஞ்சு எளிதில் இரையாகும், 10 செ.மீ. குஞ்சு பல வாய்களுக்குள் நுழையாது. நீர்க்காகமும் தண்ணீர்ப் பாம்பும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால், நீரோடு குஞ்சும் போகும். பெரிய குஞ்சுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: ஏரியில் நீர் நிற்கும் சில மாதங்களுக்குள் அது விற்கும் எடையை எட்டிவிடும்.

கணக்குப் போடுவோம்

எண்கள் யாவும் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. சிறு குஞ்சு ஒன்று 50 காசு; பெரிய குஞ்சு 3 ரூபாய். சிறு குஞ்சுகள் 100 விட்டால் 4 பிழைக்கின்றன. பெரியவை 100 விட்டால் 40 பிழைக்கின்றன.

சிறு குஞ்சுகளுக்கு 50 ரூபாய் செலவு. பிழைத்தவை 4. ஆகவே மீன் ஒன்றுக்கு 12.50 ரூபாய். பெரிய குஞ்சுகளுக்கு 300 ரூபாய் செலவு. பிழைத்தவை 40. ஆகவே மீன் ஒன்றுக்கு 7.50 ரூபாய்.

வாங்கும்போது ஆறு மடங்கு விலையுள்ள குஞ்சு, பிடிக்கும்போது மலிவாகிவிட்டது! ஆனால் சிறு குஞ்சுகளில் 10 பிழைத்தால்? மீன் ஒன்றுக்கு 5 ரூபாய்தான். அப்போது சிறியதே இலாபம். வற்றி மீண்டும் நிரம்பிய ஏரியில் இரை தின்னும் மீன்கள் குறைவாக இருக்கும். அங்கே இப்படி நடக்கலாம். எனவே ஏரியை அறியாமல் குஞ்சு வாங்கக் கூடாது.

கோவை மாவட்டத்து ஆழியாறு நீர்த்தேக்கத்தில், 1980களில் மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையம் பெரிய குஞ்சுகளை விடும் முறையைக் கையாண்டது. சிறு மீன்களைப் பிடிப்பதும் கட்டுப்படுத்தப்பட்டது. விளைச்சல் பல மடங்கு உயர்ந்து, 1990-ல் ஹெக்டேருக்கு 194 கிலோவை எட்டியது.

விடாமலிருப்பதே இலாபம்!

சில இடங்களில் குஞ்சு விடுவதே வீண். குளிர்ந்த ஓடைகளில் வாழும் டிரௌட் மீன் இதற்கு உதாரணம். நம் நீலகிரியில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட மீன் இது. அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் ஓடும் மாடிசன் ஆற்றில், டிரௌட் தானாகவே இனம் பெருக்கி வந்தது. அங்கே பண்ணை மீன்களையும் விட்டு வந்தார்கள். அப்படி விடுவதை நிறுத்திப் பார்த்தபோது, ஆற்றில் பிறந்த மீன்களின் எண்ணிக்கை கூடியது! பண்ணை மீன்கள் அவற்றோடு இடத்துக்கும் இரைக்கும் போட்டியிட்டதே காரணம் எனக் கருதப்பட்டது. 1974-இல் அம்மாநிலம், இயற்கையாக டிரௌட் பெருகும் ஆறுகளில் மீன் விடுவதைக் கைவிட்டது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, 'இந்த மீன் இங்கே தானாகப் பெருகுமா?' என்பது. பெருகாது என்றால் அடுத்த கேள்வி, 'விட்டதில் எத்தனை பிழைக்கும்?' என்பது. இரண்டுக்கும் அடிப்படை நீர்தான். கழிவுநீர் கலந்து ஆக்சிஜன் குறைந்த ஏரியில் எந்த அளவுக் குஞ்சும் பிழைக்காது.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு: மேலே கண்ட விலைகளில், 100 சிறு குஞ்சுகளில் குறைந்தது எத்தனை பிழைத்தால் சிறு குஞ்சு வாங்குவது இலாபம்?