மலைத்தோட்டங்களிற் சங்கமும் கடையும்

சங்கம் என்னுஞ் சொல்லைக் கேட்டதும் கற்றோர் உள்ளம் மதுரையையும் புலவர் அவையையும் நாடுதல் இயல்பு. இலங்கையின் மத்திய மலைநாட்டிலே, ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியா என்னும் ஊர்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் வாழ்வோர்க்கு அச்சொல் தருவது வேறு பொருள். மாதச் சந்தா, தோட்டத் தலைவர், அரைப்பேர் போட்டதற்கு எழுந்த வழக்கு, சாவு வீட்டுக்குத் திரட்டிய பணம் ஆகியனவே அவர்க்குச் சங்கமாகும். இவை எவ்வாறு தோன்றின என ஆராயப் புகின், முதலிற் காணவேண்டியது ஒரு கணக்குப் புத்தகம். அதனினும் முக்கியமாக, அப்புத்தகத்தை வைத்திருந்தவர் யாவர் என்பது.

கோப்பிக்காகவும் பின்னர்த் தேயிலைக்காகவும் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து மக்களை அழைத்து வந்தவர் கங்காணிமார். வழிச்செலவும் முற்பணமும் அவர்கள் கொடுத்தனர். தொழிலாளி தோட்டத்தில் அடிவைக்கும் முன்னரே கடனாளியாயினார். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்லவேண்டின், இன்ன தொகை செலுத்தப்படின் இவர்களை விடுவிப்போம் என்று பழைய தோட்டம் எழுதிக் கொடுக்குஞ் சீட்டு வேண்டும். அதன் பெயர் துண்டு. புதிய தோட்டம் அத்தொகையைக் கொடுத்து ஆட்களைப் பெறும். கடன் ஒழியாது, கைமாறும். கணக்கை எழுதியவர் கங்காணி. அதனைப் படித்தறிய வல்லவர் லயங்களில் அரியர். 1921 ஆம் ஆண்டின் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. கடன் ஒழிந்தது என்று கூறுதல் பொருந்தாது. அது கங்காணியின் புத்தகத்திலிருந்து கடைக்காரரின் புத்தகத்துக்கு மெல்ல மெல்ல இடம்பெயர்ந்தது என்றலே பொருந்தும்.

இந்நிலையில் மலைநாட்டுக்கு வந்தவர் தஞ்சாவூரைச் சேர்ந்த கோ. நடேசய்யர். அவர் வணிகக் கல்வி போதித்தவர். தஞ்சையில் ‘வர்த்தகமித்திரன்’ என்னும் இதழை நடத்தியவர். தொழிலாளரின் நிலையை நேரிற் காண விரும்பிய அவருக்குத் தோட்டத்துள் நுழைதல் எளிதாக இருக்கவில்லை. துரையின் அனுமதியின்றி அயலார் புகுதல் அத்துமீறலாகும். எனவே புடவை வியாபாரி வேடம் பூண்டு, மூட்டை சுமந்து லயங்களுக்குச் சென்றார். வேடம் நன்கு தேர்ந்தெடுக்கப்பட்டதே. புடவைக்காரர் ஒருவரே யாரும் ஐயுறாது லயத்து வாயில்வரை செல்லக்கூடிய அயலார். பெண்களும் அவரோடு நின்று பேசுவர். தவணை பெறவேண்டி அவர் மீண்டும் வருதலும் வழக்கமே. சிறு வணிகம் சென்ற வழியே சங்கமுஞ் சென்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1924 இல் நடேசய்யர் ‘தேசபக்தன்’ என்னும் இதழைத் தொடங்கினார். 1931 இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் ஹற்றனை இடமாகக் கொண்டு தோன்றியது. அவர்தம் மனைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களிற் பாடல்களைப் பாடி மக்களைத் திரட்டினார். எழுத்தறியாத மக்களிடையே துண்டுப்பிரசுரத்தினும் பாட்டு விரைந்து பரவும் என்பதை அவ்வம்மையார் நன்கறிந்திருந்தார். 1935 ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் எழுவர் கூடின் ஒரு சங்கத்தைப் பதிவுசெய்யலாம் என்றது. சட்டத்துக்கு எழுவர் போதும். தோட்டத்துக்கு அது போதவில்லை. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னுந் தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார். 1939 இல் நிறுவப்பட்ட இலங்கை இந்தியக் காங்கிரஸின் தொழிற்சங்கம் அவ்வாண்டிலேயே உருப்பெற்றது. அதுவே 1950 முதல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்றது.

1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் அடுத்த ஆண்டு வந்த தேர்தற் சட்டத்தாலும் இம்மக்களுட் பெரும்பாலோர் நாட்டின் வாக்காளர் என்னும் நிலையை இழந்தனர். எஞ்சியோர்க்கும் குடியுரிமை வழங்க 2003 இற் சட்டம் இயற்றப்படும்வரை அத்துயர் ஒருவாறன்றி வேறொருவாறு நீடித்தது. இடைப்பட்ட காலத்தில், தோட்டக் கமிட்டிக்குத் தலைவரைத் தேர்ந்தெடுத்தல் ஒன்றே பலர் தம் வாழ்நாளிற் கண்ட தேர்தலாயிற்று. பிற்காலச் சங்கங்கள் அரசியற் கட்சிகளாய்ப் பிளவுண்டமையைக் குறைகூறுவோர் இதனையும் எண்ணுதல் வேண்டும்.

பெருஞ் சங்கங்களின் வரலாறு எழுதப்பட்டுள்ளது. லயத்தளவிலே தோன்றிய சிறு சங்கங்களை எழுதினோர் சிலரே. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என வரி திரட்டும் கோயிற் கமிட்டி தோட்டங்கள்தோறும் உண்டு. மரண உதவிச் சங்கம் அதனினும் இன்றியமையாதது. நாட்கூலியில் வாழுங் குடும்பத்தில் ஒருவர் இறந்தால், பெட்டிக்கும் பந்தலுக்கும் வந்தோர்க்குத் தேநீர் கொடுப்பதற்கும் அன்றைக்கே பணம் வேண்டும். சம்பள நாள்வரை சாவு காத்திராது. ஆதலின் குடும்பங்கள் மாதந்தோறும் சிறு தொகை சேர்த்து வைத்தன. தொகை பெருகியவிடத்து நாற்காலியும் பெரும் பாத்திரங்களும் வாங்கி வைத்தன. இத்தகைய சங்கம் எவரும் வந்து போதித்துத் தோன்றியதன்று.

இனிக் கடையை நோக்குவோம். தோட்டத்தை அடுத்த சிறு கடையிலும் பட்டினத்துக் கடையிலும் கொப்பியிற் பதிந்து சாமான் எடுத்தல் நெடுநாள் வழக்கம். கடைக்காரரைக் கொடியவரென ஒதுக்கிவிடுதல் நேர்மையன்று. மழையால் வேலைநாள் குறைந்த மாதத்தில் அரிசி கொடுத்தவர் அவரே. ஆயினும் கடன் உள்ளவர் விலை கேட்பதில்லை. வேறு கடைக்குஞ் செல்வதில்லை. இங்கிலாந்தின் றொச்டேல் நகரிலே 1844 இல் இருபத்தெட்டுப் பேர் கூடித் தொடங்கிய கூட்டுறவுக் கடை, கடன் கொடுப்பதில்லை என்பதைத் தன் விதிகளுள் ஒன்றாகக் கொண்டமைக்குக் காரணம் இதுவே. மலைத்தோட்டத்தில் அவ்விதி கடினமானது. கைப்பணம் இல்லாதவர்க்கு ரொக்கக் கடையால் யாது பயன்?

கைப்பணம் தருவது வங்கியின் தொழில். ஹற்றனில் 1888 ஆம் ஆண்டிலேயே ஒரு வங்கி தோன்றியது. ஹற்றன் நஷனல் வங்கியின் மூலம் அதுவே. அது தோட்டத்துரைமாரின் தேவைக்கென எழுந்தது. தொழிலாளி ஈடுவைக்க எதுவுமற்றவர். அவர் வாழும் லயமும் அது நிற்கும் நிலமும் தோட்டத்துக்கு உரியன. லயத்து அறையின் முன்புறத்தில் பலகை ஒன்றை வைத்துச் சவர்க்காரமும் பிஸ்கட்டும் விற்கத் தொடங்கும் பெண்ணுக்கும், வீட்டின் பின்னே மரக்கறி பயிரிட்டுப் பட்டினத்துக்கு அனுப்புங் குடும்பத்துக்கும் தடையாய் நிற்பது திறமைக் குறைவன்று, நில உறுதி இன்மையே. தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் அரசுடைமையானபோதும், 1992 முதல் மீண்டும் கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்றபோதும் இந்நிலை பெரிதும் மாறவில்லை.

அக்குறையை நிரப்புவது சீட்டு. பத்துப் பெண்கள் மாதம் இரண்டாயிரம் ரூபா வீதம் இடுவாராயின் திரள்வது இருபதினாயிரம். குலுக்கலில் முதற்பெயர் பெற்றவர்க்கு அது வட்டியில்லாக் கடன்; இறுதியாகப் பெறுபவர்க்கு அது சேமிப்பு. அந்த இருபதினாயிரம் ஒரு தையல் இயந்திரமாகலாம். முன்னறைக் கடைக்கு முதற் சரக்காகலாம். பழைய கடைக் கொப்பியை முடித்துக் கிழிக்கவும் ஆகலாம். முதலிற் பெற்றவர் இடையில் நின்றுவிடின் ஏனையோர் இழப்பர் என்னும் அபாயம் உண்டு. ஒரே லயத்தில், ஒரே தண்ணீர்க் குழாயடியில், மறுநாட்காலை முகத்தில் விழிக்கவேண்டிய நிலையே அதற்கு உள்ள பிணை.

சீட்டின் கணக்கைப் பெரும்பாலும் எழுதுவது பள்ளி செல்லும் மகளோ மகனோ ஆவர். பாடசாலைக் கொப்பியின் பின்பக்கத்திற் பெயர்களும் தொகைகளும் வரிசையாய் இருக்கும். சம்பள நாளின் மாலையில் பணம் இட்ட ஒவ்வொருவரும் தம் பெயருக்கு நேரே கையெழுத்தை இட்டுவிட்டு, மற்றவர் பெயருக்கு எதிரேயும் ஒருமுறை கண்ணோட்டிச் செல்வர்.